திறப்பு

பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட லூட்கே
பென்ஷன் எடுத்து மகளிடம் போனபின்
முற்றத்தில் அவர் குடியிருந்த மூன்று அறை
இரண்டு வருசம் பூட்டிக் கிடந்தது.
செம்மஞ்சள் பூப்போட்ட சுவர்த்தாள்.
அடுப்படியில் புளித்த கோவா வாசம்.
இடித்துவிட்டுக் கார் நிறுத்தலாம் என்றது
டோர்ட்முண்ட் நகரசபை.
தாய் தகப்பன்மார் கூடி
புதன்கிழமைக்கு ஒரு நர்ஸ் கேட்டார்கள்.
அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.
பள்ளிக்கூடத்துக் கடிதம் என்றாலே
எனக்கு அப்போது வயிறு கலக்கும்.

கடிதம் வந்தது.

வதிவிட அட்டை, வாடகை ஒப்பந்தம்,
தடுப்பூசிக் கொப்பி, கலியாண எழுத்து
எல்லாவற்றையும் ஒரு பைலில் அடுக்கி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன்.
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள் என்று
தமிழ்க்கடையில் கேட்ட கதையெல்லாம்
டிராமில் கூடவே வந்தது,
டிக்கெட் எடுக்காமல்.

நர்ஸ் கோவோலிக் பைலைத் தொடவில்லை.
கோப்பியா தேத்தண்ணியா என்று கேட்டாள்.
பிறகு இன்பனின் தலையில் ஹெட்போன் மாட்டி
கையில் ஒரு மரக்கட்டை கொடுத்தாள்.
சத்தம் கேட்டால் கட்டையைப் பெட்டியில் போடு.
அவ்வளவுதான் விளையாட்டு.

கட்டையை உயர்த்திப் பிடித்தான்.
மெசினில் பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது,
எரிந்தது.
கட்டை அந்தரத்தில் நின்றது.
கை வலித்து மற்றக் கைக்கு மாற்றினான்.
ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று
கண்ணை இறுக்கி மூடி
காத்துக்கொண்டு நின்றான் என் பிள்ளை.

ஜெர்மன் விளங்குதில்லை என்றது வகுப்பு.
திமிர் என்றார் அவன் தகப்பன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கூப்பிட்டுத் திரும்பாத ஒருநாள்
முதுகில் போட்டேன்.
இதை எழுதாமல் விட்டால்
மிச்சம் எழுதியதும் பொய்.

இரண்டு காதுக்குள்ளும் பசைபோல் நீர்.
ஜெர்மனும் தமிழும்
தண்ணிக்கு அடியில் கிடந்திருக்கின்றன.

ஆஸ்பத்திரிக்கு நர்ஸே போன் எடுத்தாள்.
படிவம் நிரப்பியது ஸ்தான்கா.
அவளும் ஒரு தாய்தான். மூன்றாம் வகுப்பில் இரட்டையர்.
லூட்கேயின் அடுப்படி மேசையில் இருந்து
ஆருடைய படிவமென்றாலும் நிரப்புவாள்,
பெட்டிகள் சின்னதென்று பல்கேரியனில் திட்டித் திட்டி.

காதில் குழாய் வைத்து மூன்றாம் நாள்
பிரிட்ஜ் கத்துது, நிற்பாட்டுங்கோ என்றான்.
படியேறி வந்த தகப்பனின் சப்பாத்தை
கதவு திறக்க முன்னமே சொன்னான்.
அவர் குளியலறைக்குள் போய்
கனநேரம் தண்ணியைத் திறந்துவிட்டிருந்தார்.

தையில் காசு குறைந்தது.
நர்ஸா, பல் டொக்டரா,
ஒன்றை நீங்களே தெரிவு செய்யுங்கள் என்று
மரியாதையாக எழுதியிருந்தது நகரசபை.
இந்தமுறை போனேன்.
முதலாம் வகுப்புக் கதிரைகளில்
முழங்கால் நாடியில் இடிக்க அறுபது பேர்.
நிசாரின் தகப்பன் எழும்பி
வாயைத் திறந்தே காட்டினார்.
நானும் எழும்பினேன்.
டெர், டீ, டாஸ் மூன்றையும்
வைக்கக்கூடாத இடத்தில் வைத்து
கட்டையின் கதையைச் சொன்னேன்.
பின்வரிசையில் இன்பன்
சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டிருந்தான்.

நாலு வாக்கில் தோற்றோம்.

இப்போது நர்ஸ் மாதத்தில் ஒரு புதன் மட்டும்.
மற்றப் புதன்களில் ஸ்தான்காவின் மேசை,
பால்மாப் பெட்டிகள், இரண்டாம் கைச் சப்பாத்து,
நிசாரின் தகப்பன் கொண்டுவந்த உடுப்புத் தோய்க்கும் மெசின்.
அதுகளுக்கும் கதவு திறக்க ஆள் வேண்டும்.
ஏழரைக்கே கந்தோர் கூட்டி முடிப்பவள்
நான் ஒருத்தி.
கையெழுத்து வாங்கித் திறப்பைத் தந்தார்கள்.

பழைய கதவு. கொஞ்சம் தூக்கிப் பிடித்துத்தான்
பூட்டைத் திருப்ப வேண்டும்.
விழுந்ததோ இல்லையோ என்று
நான் திருப்பித் திருப்பி ஆட்டிப் பார்ப்பேன்.
விழுந்திட்டுது அம்மா, வாங்கோ என்பான்
படலையடியில் நின்று இன்பன்.
எனக்குக் கேட்பதில்லை.